சளி விட்ட பிறகு வந்த அழுகை

மூன்று வருடங்களுக்கு முன், இரத்தினபுரிப் பக்கம் நாங்கள் இருக்கும் ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். ஒரு வாரமாகச் சளி, இருமல், காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் மனைவி ரப்பர் பால் வெட்டப் போய்விட்டாள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் மகளை விட்டுவிட்டு, நான் த்ரீவீலரை எடுத்துக்கொண்டு சவாரிக்குக் கிளம்பினேன்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். கல்யாணம் ஆகாத சின்ன வயதுக்காரி. பத்து மணி போல் போன் பண்ணினாள்.

“அண்ணே, பாப்பா காலை மடக்கிக்கிட்டு கத்துறா. அப்புறம் துவண்டு போயிடுறா. கால் மணிக்கு ஒரு தரம் இப்படியே வருதுங்க. ரெண்டு தரம் வாந்தியும் எடுத்துட்டா.”

“சளி புடிச்ச பிள்ளை அழத்தான் செய்யும். கொஞ்சம் தட்டிக் குடு தங்கச்சி” என்று சொல்லி வைத்துவிட்டேன். இவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்புதான்.

அரை மணி நேரம் இருக்கும். ஒரு சிங்களப் பெரியவரை ஏற்றிக்கொண்டு வருகிறேன், தோட்டத்து வளைவில் நடு ரோட்டில் பிள்ளையோடு நிற்கிறாள். கோபமாகத் திட்ட வாயெடுத்தேன். அவள் கையிலிருந்த பையை விரித்துக் காட்டினாள். பிள்ளையின் துணியில் ஜெலி மாதிரி இரத்தம். பெரியவர் தானே இறங்கி, “யன்ன மல்லி, யன்ன!” என்று, உடனே போகச் சொல்லி என்னை விரட்டினார்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். முதல் அழுகை எத்தனை மணிக்கு, வாந்தி எத்தனை தரம் என்று அவளே டாக்டரிடம் சிங்களத்தில் சொல்லி, அந்தத் துணியையும் கொடுத்தாள். சளிக்குப் பிறகு அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் நெறி கட்டி, குடல் குடலுக்குள்ளேயே சொருகிக்கொள்ளுமாம். ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தியே சரியாக்கிவிட்டார்கள். இன்னும் பிந்தியிருந்தால் வயிற்றைக் கிழித்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மறுநாள் அவள் வேலை முடிந்து, பஸ் பிடித்துப் பார்க்க வந்தாள். “மன்னிச்சிரு தங்கச்சி” என்றேன்.

“அத விடுங்கண்ணே. பாப்பா பால் குடிச்சாளா?”

குடித்துவிட்டாள் என்றதும்தான் வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் பிள்ளையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், சொல்கிறவரின் வயதைப் பார்க்காமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முழுதாகக் கேட்கிறேன்.