எட்டாவது லீவுக்கும் அதே வோட்டர் பார்க்: போகலாமா, வேண்டாமா?

இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் வாசித்த பதிவு, கண்டிப் பக்கத்து வோட்டர் பார்க் ஒன்றைப் பற்றி நான்கு வருஷத்துக்கு முன் நான் எழுதியதுதான். பெரும்பாலும் என்னைப் போல வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு லீவில் ஊருக்கு வரும் ஆட்கள் வாசித்திருப்பார்கள். அதன் கீழே ஒருவர், “ஒவ்வொரு லீவுக்கும் அதே இடத்துக்கா போவீர்கள்? பிள்ளைகளுக்கு அலுக்காதா?” என்று கேட்டிருந்தார். “எங்கள் வீட்டில் அலுக்காது” என்று பெருமையாகப் பதில் போட்டிருந்தேன். அந்தப் பதிலை நான் அழிக்கவில்லை. அது அங்கேயே கிடந்து என்னைக் கேலி செய்யட்டும். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் தோஹாவில் லிஃப்ட் பராமரிக்கும் வேலை செய்கிறேன். வீடு அம்பிட்டியவில். வருஷத்துக்கு இருபத்தொரு நாள் லீவு. அதை ஆகஸ்ட் பள்ளி விடுமுறையோடு சேர்த்து எடுப்பேன். மகள் நிரோவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது முதல் தடவை அந்தப் பார்க்குக்குப் போனோம். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. கொரோனாவால் இரண்டு வருஷம் வர முடியவில்லை. மற்ற எல்லா லீவிலும் அதே பார்க், அதே வேன், அதே பிளாஸ்டிக் யானைக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. செக்குமாடுகூட எப்போதாவது முரண்டு பிடிக்கும், நான் பிடித்ததில்லை.

கூடவே ஒரு சிவப்பு வாளியும் வரும். முதல் தடவை போனபோது நிரோ தண்ணீரில் கால் வைக்கப் பயந்து அழுதாள். விளையாட்டு வாளி ஒன்றில் தண்ணீர் அள்ளி அவள் தலையில் ஊற்றினேன். வீறிட்டுக் கத்தியவள், அடுத்த நிமிஷம் விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். “இன்னொரு தடவ அப்பா, இன்னொரு தடவ!” அன்றிலிருந்து அது எங்கள் வழக்கம். பார்க்குக்குள் போனவுடன் முதல் வேலை, அவள் எதிர்பாராத நேரத்தில் தலையில் ஒரு வாளித் தண்ணீர். மற்ற பதினோரு மாசமும் அந்த வாளி அலுமாரிக்கு மேல் இருக்கும். தோஹாவில் சரியில்லாத நாட்களில் நான் நினைத்துக்கொள்வது அந்தச் சிரிப்பைத்தான். அதற்காகத்தான் மறுபடி மறுபடி போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வருஷம் மனைவி ஸ்டெல்லா, “வேற எங்கயாவது போவோமேங்க. ஹுன்னஸ்கிரிய பக்கம் போயிட்டு வந்தா குளிரா நல்லா இருக்கும்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். “பிள்ளைங்க ஒரு வருஷமா ஆசையா காத்துக்கிட்டு இருக்குதுங்க, கெடுக்காத” என்றேன். நியாயமாக நடப்பதாகக் காட்டிக்கொள்ளப் பிள்ளைகளையும் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஒன்பது வயது மகன் ஜெரி, “வோட்டர் பார்க்!” என்று குதித்தான். நிரோ அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, “சரிப்பா” என்றாள். அந்தச் ‘சரி’யை நான் ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலை 7.40க்குக் கிளம்பினோம். சனி, ஞாயிறு போகாதீர்கள், சறுக்குக்கு அரை மணி நேரம் வரிசை நிற்க வேண்டும். வேன் எங்கள் வழக்கமான பாரூக் நானாவுடையது, கட்டுகஸ்தோட்டைக்காரர். நாள் வாடகை 11,000 ரூபா, டீசல் அவர் பொறுப்பு. அம்பிட்டியவிலிருந்து கண்டி டவுன், கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் வீதியில் கலகெதரை தாண்டினால் மொத்தம் 26 கிலோமீற்றர். ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. அதில் பாதி கண்டி டவுனுக்குள்ளேயே போனது. ஏழு மணிக்கு முன் கிளம்புகிறவர்கள் புண்ணியவான்கள்.

வழியில் ஒன்று நடந்தது. “பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைங்க நானா, லீவுல வந்திருக்கேன்” என்றேன். அவர் கூட்டினார். பிறகு கண்ணாடியில் நிரோவைப் பார்த்துவிட்டுத் தானாகவே குறைத்தார். வயதாகிவிட்டது மனுஷனுக்கு என்று நினைத்தேன். கலகெதரையில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். ஐந்து பேருக்கும் பராட்டா, பருப்பு, தேநீர் எல்லாம் 2,150 ரூபா. பருப்பு நன்றாக இருந்தது.

பார்க் 9.00 மணிக்குத் திறக்கும். பெரியவர்களுக்கு 2,500 ரூபா. நான்கு அடிக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1,500. வாசலில் உயரம் பார்க்கும் பலகையில் ஜெரியை நிறுத்தினார்கள், நான்கு அடிக்கு மேல் இரண்டு விரல் இருந்தான். சாமான் வைக்கப் பெட்டகம் வேண்டுமென்றால் 300 ரூபா. மூன்றாவது சறுக்கு போன வருஷமும் மூடியிருந்தது, இந்த வருஷமும் மூடியிருந்தது. எப்போதும் போல, பிள்ளைகளை ஏறவிடுவதற்கு முன் ஏணியின் நட்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி. பாதுகாப்பு விஷயத்தில் நான் கெட்டிக்காரன் என்று அந்த நேரத்தில்கூட எனக்கு நினைப்பு.

ஸ்டெல்லா ஜெரியை உடை மாற்றக் கூட்டிக்கொண்டு போனாள். நிரோ குடைக்குக் கீழே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தோஹாவில் நான் வாங்கி வந்த நீச்சல் உடையை எடுக்கவே இல்லை.

“என்னம்மா, வரலையா?”

“தலைவலிப்பா. நீங்க போங்க, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

பதின்மூன்று வயது வந்தால் பிள்ளைகளுக்கு அப்பாவோடு விளையாட வெட்கம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுதான் இது என்று முடிவு கட்டினேன். மனதுக்குள் சுருக்கென்றது. வெட்கத்தைப் போக்க என்னிடம்தான் மருந்து இருக்கிறதே! வாளியில் தண்ணீர் அள்ளி, பின்பக்கமாகப் போய், அப்படியே தலையில் கவிழ்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கதிரை சரிய எழுந்து, இரண்டு கைகளாலும் ஒரு பக்கக் காதைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றாள். பிறகு சத்தமில்லாமல் அழுதாள். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. “தண்ணிதானே ஊத்துனேன், எதுக்கு இந்த நாடகம்?” என்று கத்தினேன். ஸ்டெல்லா ஓடி வந்தாள். துவாயால் மகளின் தலையைச் சுற்றி, “வா, போவோம்” என்று கையைப் பிடித்து நடந்தாள். டிக்கெட் எடுத்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன், ஜெரி அழுதுகொண்டே வந்தான்.

வேனில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பாரூக் நானா, மகளின் ஈரத் தலையைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வந்தார்.

“காதுல தண்ணி பட்டுட்டா? ஆறு மாசத்துக்கு ஒரு சொட்டும் படப்படாதுண்டு டொக்டர் சென்னாரே!”

“என்ன டொக்டர்?” என்றேன்.

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியாதா, சேர்?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு பதிலுக்கு நிற்காமல் கதவைத் திறந்தார். “ஏறுங்க, பேராதனைக்குப் போவோம்.”

திரும்பும் வழி: கட்டுகஸ்தோட்டையிலிருந்து டவுனுக்குள் போகாமல் ஹல்லொலுவ வழியாக ஆற்றோரமாகப் போனால் பேராதனை ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகலாம். இந்தக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது. பாரூக் நானாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் மகளை ஏற்றிக்கொண்டு ஆறு தடவை அங்கே போயிருக்கிறார்.

வேனில் வைத்துத்தான் ஸ்டெல்லா சொன்னாள். வருஷத் தொடக்கத்திலிருந்தே காதில் சீழ் வடிந்திருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை. மே மாசம் ஒபரேஷன் செய்து தோல் ஒட்டியிருக்கிறார்கள். “அந்தக் கிழமை நீங்க வீடியோ கோல்ல, ஏன் வீட்டுக்குள்ள தொப்பி போட்டிருக்கான்னு கேட்டீங்களே. இப்ப அதுதான் பேஷன்னு சொன்னோமே. காதுல போட்ட கட்டை மறைக்கத்தான்.” எனக்கு ஞாபகம் இருந்தது. “எடுப்பாக இருக்கிறது” என்று வேறு சொல்லியிருந்தேன்.

கோபப்பட எனக்கு வாயே இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். ஜெரிக்கு மூன்று வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, ஸ்டெல்லா பதறிப்போய் எனக்குப் போன் எடுத்தாள். நான் பதினாலாவது மாடியில், லிஃப்டுக்கு மேலே நின்றிருந்தேன். கால் தவறியது. இடுப்புப் பட்டி இருந்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். அன்று அவளைத் திட்டினேன்: “நான் உயரத்துல நிக்கிற ஆளு. கெட்ட செய்தி எதையும் போன்ல சொல்லாத. லீவுல வந்து கேட்டுக்கிறேன்.” வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் இது எழுதாத சட்டம்தான். ஆனால் லீவில் வந்தால்? “இருக்கிறதே இருபத்தொரு நாள், அதுலயும் அழுக வைக்கணுமா?” என்று யோசிப்பார்கள். ஆக, சொல்வதற்கு நல்ல நாள் ஒன்று எந்த வருஷமும் வராது. ஸ்டெல்லா வந்த அன்றிலிருந்து சொல்லப் பார்த்திருக்கிறாள், நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் சிங்களத்தில், “எந்தக் காது?” என்று என்னைக் கேட்டார். அப்பா என்பதால் என்னைக் கேட்டார். அந்தப் பார்க்கில் எத்தனை சறுக்கு, எதற்கு எத்தனை படி என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் எந்தக் காதைப் பொத்திக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. “வலது” என்றேன். “இல்ல மிஸ், இடது” என்றாள் நிரோ. அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ஸ்டெல்லா கைப்பையிலிருந்து கிளினிக் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அது பார்க்குக்கும் வந்திருந்தது.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நிரோவிடம் கேட்டேன். “அப்பாகிட்டயாவது நீ சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க ஊத்துனா சிரிச்சுடலாம்னுதான் நெனச்சேன்ப்பா. ஒரு நிமிஷம்தானே. வலிச்சதால சிரிக்க முடியல.” பிறகு, “ரெண்டு மூணு வருஷமாவே சும்மாதான் சிரிக்கிறேன்” என்றாள். என்னைக் குத்துவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டேன் என்பதால் சொன்னாள்.

இளம் டொக்டர் ஒருவர் காதில் இருந்த தண்ணீரைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்தார். ஒட்டிய தோல் பிடித்திருக்கிறதா, நகர்ந்துவிட்டதா என்று இப்போது சொல்ல முடியாதாம். அடுத்த புதன் கிளினிக்கில் பார்த்தால்தான் தெரியும். நகர்ந்திருந்தால் மறுபடி ஒபரேஷன். என் விமானம் சனிக்கிழமை.

சரி, கேட்டவருக்கு என் பதில். ஒவ்வொரு விடுமுறைக்கும் அதே பார்க்குக்குக் குடும்பத்தோடு போகலாமா? ஊரிலேயே வாழும் அப்பா அம்மா தாராளமாகப் போகலாம். பிள்ளை வளர்வதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், பார்க் அலுத்துவிட்டால் அடுத்த நாளே தெரிந்துவிடும். என்னைப் போல வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள் போகாதீர்கள். இடம் மாறாமல் இருந்தால் பிள்ளையும் மாறவில்லை என்று நம்பிவிடுவோம். நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்து, எட்டுத் தடவை நான் மட்டும்தான் போய் வந்திருக்கிறேன். மகனுக்கு இன்னும் அது பிடித்திருக்கிறது, உண்மை. அவனும் சும்மா குதிக்கிறானா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். கேட்பதென்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வந்து இறங்கிய அன்றே கிளினிக் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதெல்லாம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெரியும். உங்களுக்காவது உதவட்டும்.

போகத்தான் போகிறீர்கள் என்றால்: பார்க் மாலை 5.30க்கு மூடும், உள்ளே சாப்பாடு வாங்காதீர்கள், டிக்கெட் காசைத் திருப்பித் தரமாட்டார்கள்.

சனிக்கிழமை தோஹா வந்து சேர்ந்தேன். புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து, தரையில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் எடுத்தேன். “நான் இப்ப கீழதான் நிக்கிறேன். உள்ளதைச் சொல்லு” என்றேன்.

“பார்த்துட்டாங்க. எல்லாம் நல்லா இருக்காம்” என்றாள் ஸ்டெல்லா. பதில் தயாராக இருந்தது போலச் சட்டென்று வந்தது. கிளினிக் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வேனிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம், நாளைக்கு எடுத்து அனுப்புவாளாம்.

அதனால் பாரூக் நானாவுக்குப் போன் எடுத்தேன். எங்கேயோ வேனை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது. “நானா, இன்னைக்கு டொக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“வீட்டுல என்ன சென்னாங்க, சேர்?” என்று கேட்டார்.