உப்பைக் கழுவிய சோணை

சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் சில காலத்துக்கு முன் ஒரு கட்டுரை வந்தது. செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியேற முடியுமா என்பது அதன் கேள்வி. அங்கே காற்றுப் போதாது, குளிர் தாங்காது, மண்ணில் ஒன்றும் முளைக்காது, தண்ணீரெல்லாம் துருவங்களில் பனியாக உறைந்து கிடக்கிறது என்று எழுதியவர் சொல்லிக்கொண்டே போனார். முதலில் பனியை உருக்க வேண்டுமாம். பிறகு பாறைகளில் பாசி பிடிக்கச் செய்ய வேண்டுமாம். பாசி காற்றைத் திருத்தும், பின்னால் புல் வரும், புல்லுக்குப் பின்னால் மனிதன் வரலாம். எத்தனையோ தலைமுறை ஆகும், ஆனாலும் முடியும் என்று முடித்திருந்தார்.

முடியுமா, முடியாதா என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. மேலூரில் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன் நான். ஆனால் ஒன்றுமே முளைக்காத இடத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அந்தக் கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயம் அவர்கள் வாழ்க்கையில் இருக்கிறது.

சோணை அண்ணன் இளவயதில் மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் தோட்டத்துக்காரர்கள் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மனைவி மாயக்காளையும் ஆறு வயது மகள் சோலையம்மாளையும் கூட்டிக்கொண்டு அவர் ஊருக்குத் திரும்பினார். அப்பா விட்டுப்போன சின்னத் துண்டு நிலத்தைத் தம்பி உழுதுகொண்டிருந்தார். தம்பிக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். அதில் பாதியைக் கொடு என்று கேட்கச் சோணைக்கு வாய் வரவில்லை. ஊர்த் தலைவரான அம்பலக்காரர் ஆண்டிச்சாமியிடம் போய் நின்றார்.

"மேக்க ஒரு புறம்போக்கு கெடக்கு மாப்ள. எழுதிக் கேட்டா சர்க்கார் குடுப்பான். ஆனா அது களரு" என்றார் அம்பலக்காரர்.

"களர்னாலும் மண்ணுதான மாமா?"

"மண்ணுதான். துணி வெளுக்க அள்ளிட்டுப் போற மண்ணு. முள்ளுகூட அதுல வரமாட்டேங்குது. நீ நெல்லு போடப் போறியாக்கும்?"

"புலி திரிஞ்ச காட்டையெல்லாம் திருத்திட்டு வந்திருக்கேன் மாமா."

"புலியச் சுட்டாச் செத்துப்போகும். உப்ப எதால சுடுவ?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். சோணையும் சிரித்தார். ஆனால் மறுவாரமே மனுக் கொடுத்துவிட்டார். நிலம் கிடைத்தது. மூன்று வருஷத்துக்குள் விளைச்சல் காட்டினால் பட்டா, இல்லையென்றால் நிலம் சர்க்காருக்கே திரும்பிவிடும் என்பது நிபந்தனை.

களரைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கோடையில் தரை முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசும். காற்றடித்தால் அந்தத் தூள் உதட்டில் வந்து படியும். மழை பெய்தாலோ சோப்புக் கரைத்ததுபோல வழுக்கும். ஆனால் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே நின்று வெளுத்துப் போகும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அங்கே குருவி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த மண்ணைக் குழைத்தே சோணை வீட்டுச் சுவரை வைத்தார். அடுத்த மழையில் சுவர் அடியோடு கரைந்து உட்கார்ந்துவிட்டது.

"நல்ல மழைதான். வீட்டையே கரைச்சுக் குடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே மாயக்காள் கூரைக் கீற்றுகளைப் பொறுக்கினாராம். பிறகு இருவரும் ஓடைக்கரையிலிருந்து செம்மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து மறுபடி சுவர் எழுப்பினார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் மாயக்காள் குடத்தோடு ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணி வரைக்கும் நடக்க வேண்டும். வாசலில் நட்ட வேப்பங்கன்றுகள் வைத்த வேகத்தில் கருகின. சோலையம்மாளின் குதிகாலில் வெடித்த பித்தவெடிப்பில் உப்பு இறங்கி அவள் அழாத நாள் இல்லை.

மேலூர்ச் சந்தையில் ஒருவர் சோணைக்கு ஒரு வழி சொன்னார். சுற்றி வரப்பு உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்க வேண்டும். கொளிஞ்சி, எருக்கு, ஆவாரை என்று கிடைத்த தழையெல்லாம் போட்டு மிதிக்க வேண்டும். தழை அழுகி, உப்புக் கரைந்ததும் வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். திரும்பத் தேக்க வேண்டும், திரும்ப விட வேண்டும். துணி அலசுவது மாதிரிதான். நிலத்தைப் போட்டு அலச வேண்டும்.

அந்த வேலையில் இருந்தபோதுதான் பத்திரிகையைக் கொண்டுபோய் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். சோணை மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்.

"அப்ப மொதல்ல பாசி வரணுங்கிறான்" என்றார். "நான் நேரா நெல்லுக்குத் தாவிட்டேனே தம்பி."

"அந்த ஊருல மாமியா நாத்தனா உண்டா?" என்று கேட்டார் மாயக்காள்.

"மனுசரே கிடையாது மதினி."

"அப்ப இன்னிக்கே மூட்டையக் கட்டிர்றேன். இவுக வந்தா வரட்டும், இல்லாட்டி இங்கனயே கெடக்கட்டும்."

"போ, போ. அங்க போயும் தண்ணி தூரமா இருக்குன்னு என்னையத்தான் வைவ" என்றார் சோணை.

சில நாள் கழித்து என்னை வழியில் நிறுத்திக் கூட்டிப்போய், தேங்கிய தண்ணீரின் ஓரத்தைக் காட்டினார். பச்சையாக ஏடு படிந்திருந்தது. "பாசி" என்றார். அம்புட்டுச் சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கண்மாய் வண்டலை அள்ளிப் போட்டார்கள். மூன்றாம் வருஷம் நல்ல மழை. பலமுறை தேக்கி வடித்த பிறகு களர் தாங்கும் சம்பா விதையை வாங்கி நாற்று விட்டு நட்டார்கள். அங்கங்கே திட்டுத் திட்டாகச் செத்தாலும் முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. ஐப்பசிக் கடைசியில் ஒரு கொக்கு வந்து வயலில் நின்றது. சோலையம்மாள் ஊருக்குள் ஓடிவந்து, "எங்க வயல்ல கொக்கு வந்துருச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்பலக்காரரே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தை மாதத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார், கதிரைக் காட்டினால் போதும், நிலம் சோணைக்குத்தான் என்று ஊரே பேசியது.

மார்கழி பிறந்ததும் ஒரு காலையில் சோணை கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

"நான் இன்னும் உப்பே போடலையே" என்றார் மாயக்காள்.

இருவரும் பானையைப் பார்த்தார்கள். மாயக்காள் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் சோணையும் வைத்துப் பார்த்தார்.

நடந்தது இதுதான். களரிலிருந்து இறங்கும் ஓடை முன்பெல்லாம் ஊரைத் தொடாமல் தெற்கே வெளியேறிவிடும். சோணை மலாயாவில் இருந்த காலத்தில் ஊருணி நிறையாமல் போகவே, ஊரார் அந்த ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஊருணிக்குத் திருப்பிவிட்டார்கள். வருஷா வருஷம் ஆடியில் வீட்டுக்கு ஓர் ஆள் போய் அந்த வாய்க்காலைத் தூர் எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு ஒரு தடவை போயிருந்தாலும் தண்ணீர் எங்கே போகிறது என்று சோணைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவரை யாரும் கூப்பிடவில்லை. பாவம், களரில் கிடந்து சாகிறான், அவனை எதற்கு இந்த வேலைக்கும் இழுக்க வேண்டும் என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். அவர் கழுவி விடும் தண்ணீர் எங்கே இறங்கும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. களரைக் கழுவிய தண்ணீரெல்லாம் ஊர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேர்ந்துவிட்டது. மழைக் காலம் முடியும் வரை புது வெள்ளத்தில் அது தெரியவில்லை. வெள்ளம் நின்று தண்ணீர் தெளிந்த பிறகுதான் நாக்குக்குத் தெரிந்தது.

கணவனும் மனைவியும் ஓடை வழியே நடந்து, அந்தத் திருப்பம் வரை போய்ப் பார்த்தார்கள். அன்று பேசியதைப் பின்னால் மாயக்காளே எனக்குச் சொன்னார்.

"ஊருக்குள்ள இன்னும் யாருக்கும் தெரியலபோல" என்றாராம் சோணை.

"தெரியாம எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"தை வரைக்கும் இருந்தாப் போதும்."

மாயக்காள் ஊருணிப் பக்கம் கை காட்டி, "நம்ம புள்ளையும் அதத்தான் குடிக்குது" என்றார்.

சோணை திரும்பிப் போய், தண்ணீர் வடிய வரப்பில் வெட்டியிருந்த வாயை மண் போட்டு மூடினார். மிதித்து மிதித்து இறுக்கினார். அன்று மாலையே அம்பலக்காரரிடம் வந்து சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"மாமா, ஊருணித் தண்ணியக் கெடுத்துப்புட்டேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. மறுநாள் பெரியவர்கள் எல்லோரும் களருக்குப் போய், தண்ணீரை வேறு பக்கம் வடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். மேற்கே மேடு, வடக்கே பாறை. தெற்கே பழைய ஓடை வழியை மறித்து இப்போது மூன்று பேருடைய பட்டா நிலம் இருக்கிறது. கிழக்கே திருப்பினால் கண்மாயில் விழும், கண்மாய்த் தண்ணீரில்தான் ஊர் வயலெல்லாம் விளைகிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் கீழே ஒருவர் இருந்தார்.

கட்டுரையில் விட்டுப்போனது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஓர் இடத்துக்கு எதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று அவர் விவரமாக எழுதியிருந்தார். அங்கிருந்து வெளியேற்றுவதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

"கதிரு வர்றவரைக்கும் சும்மா இருந்துட்டுப் பின்னாடி சொல்லியிருந்தா நாங்க என்ன செஞ்சிருக்கப் போறோம்?" என்று அம்பலக்காரர் சோணையிடம் கேட்டார். குறையாகச் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை.

"எம் மகளும் அதத்தான மாமா குடிக்குது" என்றார் சோணை.

மார்கழியில் ஒரு மழை பெய்தது. வடிய வழியில்லாமல் தண்ணீர் வயலிலேயே நின்றது. பயிரின் நுனி முதலில் வெளுத்தது, பிறகு தாள் மஞ்சளாகி, பால் பிடித்த கதிர் பதராகிச் சாய்ந்தது. தண்ணீர் காய்ந்த இடங்களில் வரப்போரமாக உப்பு மறுபடி பூத்தது. சோணை அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். மாயக்காள்தான் செத்த பயிரை அறுத்துக் கூரைக்குப் போட்டார்.

வடிகாலை மூடியதால் ஊருணி உடனே நல்லதாகிவிடவும் இல்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுண்டி, உவர்ப்பு அதிகமாயிற்று. பெண்கள் திருச்சி ரோட்டோரக் கிணற்றுக்கு நடக்கத் தொடங்கினார்கள். அந்தப் பாதை களரைத் தாண்டித்தான் போகிறது. ஒருநாள் முத்துத்தாய் அக்கா இடுப்புக் குடத்தோடு நின்று, "என்ன மாயக்கா, ஒன் புருசன் புண்ணியத்துல கொழம்புக்கு உப்பு வாங்குற செலவு மிச்சம்" என்றார்.

மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முத்துத்தாய் இரண்டு அடி போனவர், திரும்பி வந்து, "பானைய எடு" என்று அதட்டி, தன் குடத்தில் பாதியை அவர்கள் பானையில் சாய்த்துவிட்டுப் போனார்.

தையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். வெள்ளை வரப்புக்கு நடுவே அறுத்து நின்ற தாளடியைப் பார்த்தார்.

"பயிர் எங்கேப்பா?"

"இருந்துச்சுங்க."

"இருந்துச்சுன்னு நான் எழுத முடியாது."

"நான் பாத்தேனுங்க. கொக்கு நின்ன வயலுங்க இது" என்றார் அம்பலக்காரர். "ஊருக்காகத்தான் அவனே அதக் கெடுத்துக்கிட்டான்."

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. முழுக் கதையையும் நின்று கேட்டார். கேட்டு முடித்துத் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் விளையுமா?" என்றார்.

சோணை அம்பலக்காரரைப் பார்த்தார். அம்பலக்காரர் தரையைப் பார்த்தார்.

"வெளையாதுங்க" என்றார் சோணை.

"அப்போ பட்டா வராதுப்பா."

"குடிசையப் பிரிச்சிரணுங்களா?"

இன்ஸ்பெக்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். "இந்த இடத்தை யார் கேட்கப் போறா? இருந்துக்க. உன்னுது இல்ல, அவ்வளவுதான்."

இப்போது சோணை மேலூர்ப் பக்கம் கல் உடைக்கப் போகிறார். ஊரில் வேறு இடம் கிடைக்காததால் குடும்பம் இன்னும் களரிலேயே இருக்கிறது. உழவு கிடையாது, விதைப்பு கிடையாது. ஆனால் வானம் கறுத்தால் அவர் கல்வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருகிறார். வரப்பு உடைந்தால் உப்புத் தண்ணீர் மறுபடி ஊருணிக்குத்தான் இறங்கும். போன மழையில் நான் அந்தப் பக்கம் போனபோது, கணவன், மனைவி, மகள் மூவருமாக நனைந்துகொண்டே வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டதற்கு, "உடைஞ்சிரும் தம்பி, பேச நேரமில்ல" என்றார் சோணை. நானும் இறங்கி மண் அள்ளிக் கொடுத்தேன். வைத்த மண் வைத்த இடத்திலேயே சோப்புபோலக் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.