மினுங்காத மாப்பிள்ளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை நரிக்குடிப் பக்கம், எங்கள் வேதக்கோயில் சபைக்காரர்தான். ராஜஸ்தானில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தோடு இன்னும் இரண்டு உலைகள் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே வேலை. வரனைக் கொண்டுவந்தது அருப்புக்கோட்டையில் பருத்தித் தரகு பார்த்த என் தாய்மாமா. மாப்பிள்ளை வந்து என்னைப் பார்ப்பதற்கு முன்பே, “நம்ம வீட்டுக்கு அணு விஞ்ஞானி வாராரு” என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அம்மாவுக்குத்தான் கலக்கம். ரவிக்கை தைக்கிற அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள்: அங்கே வேலை பார்க்கிறவர்கள் உடம்பில் அணு ஏறி இருட்டில் மினுங்குவார்களாம், பிள்ளையும் பிறக்காதாம்.

“ஏலே, நல்லா விசாரிச்சியா?” என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

“விஞ்ஞானிகிட்டப் போயி, நீங்க மினுங்குவீகளான்னு எப்படிக்கா கேக்க?”

பெண் பார்க்க வந்த அன்று பஸ் தாமதம். அவர்கள் வந்து உட்காரும்போதே பொழுது இறங்கிவிட்டது. நான் காப்பித் தட்டோடு வந்தேன், கரண்டு போனது. வழக்கமாக யாராவது உடனே தீப்பெட்டி தேடுவார்கள். அன்று எங்கள் வீட்டார் ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் மாப்பிள்ளையின் நாற்காலிப் பக்கம்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நானும் பார்த்தேன். கன்னங்கரேலென்றிருந்தது.

“மினுங்கலையே” என்று அம்மா மாமாவிடம் ரகசியம் சொன்னாள். அம்மாவின் ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “அத்தை, நான் இருக்கிற எடத்துல அணுவே இன்னும் வரலை. கட்டடமே முடியலையே. கான்கிரீட்டுச் சோதனைதான் என் வேலை. கலவையில கொஞ்சம் எடுத்துக் கட்டியா வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணியில ஊறப்போட்டு, மிஷின்ல வச்சு நசுக்குவோம்.”

அதற்குள் யாரோ விளக்கு ஏற்றினார்கள். மாமா முகம் தொங்கிப்போயிருந்தது.

“அப்ப கட்டுறவுக இல்ல, ஒடைக்கிறவுகளா? ஊரெல்லாம் விஞ்ஞானின்னு சொல்லிட்டேனே.”

பெண் பேசக்கூடாது என்பது மறந்து நான் கேட்டுவிட்டேன். “ஒடையாமப் போனா?”

“எல்லாம் ஒடையும். எவ்வளவு தாங்கி ஒடையுதுங்கிறதைத்தான் பாக்கணும்.”

ஒரு வீடே தன்னை இருட்டில் உற்றுப் பார்த்ததற்கு வேறு யாராவது என்றால் எழுந்து போயிருப்பார்கள். இவர் இன்னொரு காப்பி கேட்டார். எனக்குப் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்குள் மாமாவும் தேறிவிட்டார். கோயில் வாசலில் நின்று, “இவரு சரின்னாத்தான் அணு உலையே நிக்கும்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை.

ராஜஸ்தான் வீட்டில் கதவுக்கு முட்டு, பீரோவுக்குக் கால், எல்லாமே ஓரம் உதிர்ந்த கான்கிரீட்டுக் கட்டிகள். முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய் வேலிக்கு வெளியே நிறுத்திக் காட்டினார். பெரிய வட்டச்சுவர், பாதியில் நின்றது, சுற்றிலும் சாரம்.

“எப்ப முடியும்?”

“சீக்கிரம் முடிஞ்சிரும்.”

அந்தச் சுவர் எழும்பி உலை ஓடத் தொடங்குவதற்குள் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவள் அப்பாவின் இந்தியைத் திருத்திக்கொண்டிருந்தாள்.