ஐந்து நிமிட வட்டம்

தில்லி துவாரகாவில் ஒரு மெட்ரோ நிலையத்தைச் சுற்றி என்னென்ன கட்டலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டிருந்தோம். வரைபடம் போட்டவன் நான். நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே எல்லா வீடும் ஐந்து நிமிட நடை என்று எழுதியிருந்தேன். முழங்காலில் பட்டை கட்டிய ஓர் அம்மா எழுந்து, “நடந்து பார்த்தீர்களா?” என்று இந்தியில் கேட்டார். அதிகாரி, “எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை அவருடன் நான் நடந்தேன். அவர் குடியிருப்பின் வாசல் நிலையத்துக்கு எதிர்த்திசையில் இருந்தது. மதிலைச் சுற்றி வந்தால் நடுவில் இரும்பு வேலி போட்ட சாலை. நடைமேம்பாலத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நாலு படிக்கு ஒருமுறை நின்று, முழங்காலைத் தடவி, “என்ன, ஏறலாமா? சலோ” என்று அதனிடமே கேட்டுக்கொண்டு ஏறினார்.

நிலையத்தை அடைய இருபத்தேழு நிமிடம் ஆயிற்று. அங்கே நின்று மதிலுக்கு அப்பால் கை காட்டினார்.

“அதோ பால்கனியில நீலப் புடவை காயுது பாருங்க, அதான் நம்ம வீடு. உங்க வட்டம் செவுத்தைத் தாண்டிடுச்சு தம்பி. எனக்குத்தான் தாண்ட முடியல.”

நிலையத்தை ஒட்டிய மதிலில் ஒரு கதவு வைத்தால் போதும், பாலம் ஏற வேண்டாம் என்று எழுதி, நடந்த வழியைச் சிவப்பில் வரைந்து கொடுத்தேன். வீட்டு வாசலில் காரேறி அலுவலக வாசலில் இறங்கும் அதிகாரி, “வட்டமே பார்க்க நன்றாக இருக்கிறது” என்றார். வட்டமே அச்சாயிற்று.

அந்த அம்மா தன் முழங்காலைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் படியேறினார். கருத்துக் கேட்கக் கூட்டம் போட்ட நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை.