ரொட்டி வண்டி ஹெட்டி ஆன்ட்டி

நான்கு சக்கரத்துக்கும் தலைக்கு ஒரு உதை கொடுத்துவிட்டுத்தான் ஹெட்டி ஆன்ட்டி வண்டியில் ஏறுவார். வலது பின்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு. "இவன் கொஞ்சம் மந்தம். சொன்னாத்தான் எழுந்திரிப்பான்" என்பார். பிறகு செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளி, வாசனைக்கு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி முன்கண்ணாடி ஓரம் வைத்து, வெறுங்காலால் ஆக்சிலேட்டரைத் தொடுவார்.

ஆப்பிள் தோட்ட ஊரான கிராபோவில் அந்த வண்டியைத் தெரியாதவர் இல்லை. ஒரு காலத்தில் பேக்கரி வண்டி. அதில் கடை கடையாக ரொட்டி போட்டுக்கொண்டிருந்த டாவி, வண்டி ஓய்ந்ததும் அதையே வாங்கினார். ரொட்டித் தட்டுகள் இருந்த இடத்தில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, மனைவி ஹெட்டியையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ஈஸ்டர்தோறும் தென்கரையோரம் கிளம்பிவிடுவார். வெள்ளை பெயிண்டுக்கு அடியில் ஒரு ரொட்டிப் படம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. வழியில் யாராவது கைகாட்டி நிறுத்தி, "பிரவுன் ரொட்டி இருக்கா?" என்பார்கள். "நேத்தே தீர்ந்துபோச்சு கண்ணு" என்பார் ஆன்ட்டி, உண்மையான வருத்தத்தோடு.

ரொட்டி வண்டிக்குப் பின்பக்கம் ஜன்னல் கிடையாது. ரிவர்ஸ் எடுக்க ஒரு ஆள் பின்னால் நின்றாக வேண்டும். அந்த ஆள் ஆன்ட்டிதான். ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் நாள் முழுக்க நின்று பழகிய கால். தலையில் சிவப்புத் துணி, டாவியின் பக்கக் கண்ணாடியில் பளிச்சென்று தெரியட்டும் என்று. விரல் மடங்கினால் வா. உள்ளங்கை விரிந்தால் நில். வண்டி சரியாக நின்றதும் அதன் முதுகில் இரண்டு தட்டு. அந்தத் தட்டு காதில் விழாமல் டாவி எஞ்சினை அணைக்க மாட்டார். ஒரு வருஷம் நல்ல மழை. ஆன்ட்டி தட்ட மறந்து, ஓடிப்போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டார். தண்ணீர் கொதித்தும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

"பெட்ரோல் என்ன கடல்லேருந்தா வருது?"

"நீ இன்னும் தட்டலையே" என்றாராம் டாவி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

போன குளிர்காலத்தில் டாவி இறந்துபோனார். ஆன்ட்டி அழுது முடித்த கையோடு, கொட்டகை முற்றத்தில் காலி ஆப்பிள் பெட்டிகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றிச்சுற்றி ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்துவிட்டார். மகன் நெவிலுக்கு இது பிடிக்கவில்லை.

"ரோட்டுல ஓட்டிருவீங்க மம்மி. முகாமுல அந்த ரெண்டு மரத்துச் சந்துல ரிவர்ஸ்ல யாரு ஏத்துவா?"

"நான்தான்."

"பின்னால யாரு நிப்பா?"

ஆன்ட்டி வலது பின்சக்கரத்துக்கு இன்னொரு உதை கொடுத்தார்.

"இந்த ஒரு தடவை நானும் வரேன். கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒத்தை ஆளா ஏத்திட்டீங்கன்னா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். முடியலைன்னா வண்டியை யாருக்காவது கொடுத்துடணும்."

"சரி, ஏறு. வாயை இப்பவே மூடிக்கோ."

பெரிய வெள்ளி காலையில் கிளம்பினார்கள். மலைக் கணவாய் தாண்டாமல் மீன் டப்பாவைத் திறக்கக் கூடாது என்பது டாவி போட்ட சட்டம். மஞ்சளும் வினிகரும் வெங்காயமுமாக ஊறிய மீன் மூடிக்குள்ளிருந்தே நெவிலைப் படுத்தியது.

"ஒரே ஒரு துண்டு, மம்மி."

"உங்கப்பா பார்த்துட்டிருப்பாரு."

கணவாய் இறங்கியதும் ஓரங்கட்டி, ரொட்டியில் வைத்துத் தின்று விரலை நக்கினார்கள். அதற்கப்புறம் வழி நெடுக, சின்ன வயதில் நெவில் வாந்தியெடுத்த வளைவுகளை ஆன்ட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். "இந்தா, இந்த இடத்துல உங்கப்பா தொப்பியில."

ஸ்ட்ரேஸ்பாய் ஊரைத் தாண்டிய பாறை முனைதான் அவர்கள் வண்டி போட்டுத் தங்கும் இடம். கடற்கரை முழுக்க வெள்ளையருக்கு என்று பலகை நின்ற நாளில் நம் ஆட்களுக்கு மிச்சம் விட்டது அது மட்டும்தான். பலகை போய் ஒரு தலைமுறை ஆகிறது. பக்கத்திலேயே இன்னொரு முகாமில் புல்தரை, குழாயில் வெந்நீர், எல்லாம் இருக்கிறது. "அங்க வெந்நீர் வரும். இங்க மனுசங்க வருவாங்க" என்பார் ஆன்ட்டி.

முகாமுக்கு ஒரு வண்டி வந்து ரிவர்ஸ் எடுக்கிறது என்றால் அங்கே யாரும் கடலைப் பார்ப்பதில்லை. நாற்காலிகள் எல்லாம் திரும்பின. பக்கத்து இடத்து ஆர்ச்சி கரி அடுப்பை விட்டு எழுந்தார்.

"ஆன்ட்டி, நான் நிக்கட்டுமா பின்னால?"

"நீ நின்ன லட்சணத்துலதான் உன் மச்சான் வண்டி மரத்துல ஏறுச்சே. போய்க் கரியைப் பாரு."

முதல் முறை கிளை கூரையைக் கீறியது. நெவிலின் கை கதவுக்குப் போயிற்று.

"கை" என்றார் ஆன்ட்டி. அவன் மறுபடி கட்டிக்கொண்டான்.

இரண்டாம் முறை மந்தமான அந்தச் சக்கரம் வேரில் ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே பாத்திரங்கள் உருண்டன. இறக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். உதட்டுக்கு மேல் வியர்த்திருந்தது.

பிறகு இறங்கிப் பின்னால் நடந்தார். இத்தனை வருஷமாக நின்ற அதே இடத்தில் நின்று வண்டியைப் பார்த்தார். தலைத்துணியை அவிழ்த்து, தன் தலை உயரத்தில் இருந்த கிளையில் இறுக்கிக் கட்டினார். வந்து ஏறிப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

"இத்துனூண்டாவா தெரிஞ்சேன் அந்த மனுசனுக்கு" என்று முணுமுணுத்தார்.

அந்தச் சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் வண்டியை நகர்த்தினார். பொட்டு பெரிதாயிற்று, முடிச்சு தெரிந்தது, துணியின் கிழிசல்கூடத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தார். இரண்டு மரத்துக்கும் நடுவே, டாவி நிறுத்துவது போலவே, வண்டி நின்றது. ஆர்ச்சியின் இடுக்கி அந்தரத்தில் இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆன்ட்டி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நெவில் சாவியைத் தொட்டான். தொட்ட கையை மெல்ல எடுத்துக்கொண்டான். ஆன்ட்டியின் காலடியில் சிப்பிகள் நொறுங்கும் சத்தம் வண்டியை ஒட்டிப் பின்னால் போனது.

இரண்டு தட்டு.

நெவில் சாவியைத் திருப்பினான்.