எழுந்து ஓடிய நூதனசாலை

எங்கள் ஊரிலும் பழைய பொருள்களைக் காட்சிக்கு வைக்க ஒரு நூதனசாலை இருந்தது என்று சொன்னால் கல்முனைப் பக்கத்தில் இப்போது எவரும் நம்பமாட்டார்கள். இருந்தது. ஒரு நாள் காலையில் திறந்தார்கள், அன்றே பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லுமுன் மூடிவிட்டார்கள். திறந்தவர் என் மாமா. மூடவைத்தவர் என் வாப்பா.

மாமா உம்மாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவர். எதையாவது தொடங்காவிட்டால் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. தொடங்கியதை முடித்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. சுனாமியை நாங்கள் கடல் வந்தது என்றுதான் சொல்வோம். கடல் வந்து இரண்டு வருசம் முடிந்த நேரம் அது. ஊரில் பாதி வீடுகளில் பழைய பொருள் என்று காட்ட ஒரு செம்புகூட மிஞ்சவில்லை. மிஞ்சினதையாவது ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்று மாமா தலைகீழாக நின்றார். பூட்டிக் கிடந்த வாசிகசாலைக் கட்டடத்தைக் கெஞ்சி வாங்கி வெள்ளையடித்தார்.

பொருள் சேர்க்க அவர் பிடித்த ஆட்கள் நாங்கள்தான், பாடசாலைப் பிள்ளைகள். சும்மா கேட்டால் யார் கொண்டுவருவார்கள்? அதனால் ஒரு பொய் சொன்னார். நூதனசாலையில் வைத்த எதுவும் சாவதில்லையாம். ஆட்கள் வந்து பார்க்கப் பார்க்க அதற்கு உயிர் வருமாம். வெளிநாட்டில் ஒரு நூதனசாலையில் பழைய குதிரைவண்டி ஒன்று தானாக வாசல்வரை ஓடி வந்ததைத் தன் கண்ணாலேயே கண்டாராம். மாமா கொழும்புக்கு அப்பால் எங்கும் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். ஒன்பது வயதில் வேண்டியதை மட்டும் நம்புவதற்கு ஒரு கெட்டித்தனம் இருக்கிறது.

பொய்க்குச் சாட்சியும் தயாரித்தார். மரத்தொட்டில் ஒன்றின் காலில் கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நூலைக் கட்டி, யன்னலுக்கு வெளியே நின்று இழுத்தார். தொட்டில் ஆடியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் ஊரிலிருந்த உரல், உலக்கை, சுளகு, பித்தளைப் படிக்கம் எல்லாம் வாசிகசாலைக்கு வந்து சேர்ந்தன.

இடைஞ்சல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சாமான்களை வெறுமனே அடுக்கினால் கடை மாதிரி இருக்கிறது என்று மாமா வைக்கோலையும் சீமெந்தையும் வைத்து ஆளுயரத்தில் மூன்று உருவங்கள் செய்துவிட்டார். ஒரு வண்டிக்காரர், பாய் இழைக்கிற ஒரு பெண், வலையின் கிழிசலைப் பொத்துகிற ஒரு மீன்காரர். பள்ளிவாசலிலிருந்து மௌலவி வந்தார். நல்ல மனிதர், சத்தம்போடத் தெரியாதவர். உருவங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"மாஸ்டர், சாமான் எவ்வளவும் வைங்க. மனிசனச் செஞ்சி வைக்கிற மட்டும் நமக்கு ஆகாது."

மாமா வாதாடவில்லை. அன்றே மூன்று உருவங்களின் தலைகளையும் எடுத்துவிட்டார். தலையில்லாத மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்த சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. மௌலவி மறுபடியும் வந்தார். அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை பிறந்தது.

"மனிசனச் செய்யத்தானே கூடாது. மனிசனே வந்து இரிந்தா?"

மௌலவி போய் மார்க்கக் கிதாபுகளைப் புரட்டினார். அதற்குத் தடை எதுவும் அகப்படவில்லை. இப்படித்தான் எங்கள் நூதனசாலைக்கு உயிருள்ள காட்சிப்பொருள்கள் கிடைத்தன. மாட்டுவண்டிக்கு ஒரு வண்டிக்காரக் கிழவர் ஒத்துக்கொண்டார். பாய் இழைக்க எங்கள் தெரு மாமி ஒருவர் வந்தார். மீன்காரர் இடத்துக்கு மட்டும் ஆள் இல்லை. பகல் முழுக்க அசையாமல் இருக்க யாரால் முடியும்?

ஒருவரால் முடியும் என்று ஊருக்கே தெரியும்.

வாப்பா கரைவலைக்காரர். கடல் வந்த அன்று காலையில் உம்மாவும் நானும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தோம். வாப்பாவும் ஆறு வயதான என் தம்பியும் கடற்கரை மீன்வாடியில் இருந்தார்கள். முதலில் கடல் உள்வாங்கியதாம். வெறும் மணலில் மீன் துடித்துக் கிடந்ததைக் கண்டு பிள்ளைகளும் பெரியவர்களும் பொறுக்க ஓடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தது எல்லோருக்கும் தெரியும். வாப்பாவை ஒரு தென்னை மரத்திலிருந்து இறக்கினார்கள். அடக்கம் செய்யத் தம்பியின் மையத்துகூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து வாப்பா கதைக்கவில்லை. கடலுக்குத் தள்ளி உள்ளூருக்குள் கட்டித் தந்த வீட்டுத்திட்ட வீட்டில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். இருத்தினால் இருப்பார், எழுப்பினால் எழும்புவார். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம், தண்ணீரும் ஓதிக் கொடுத்தோம். உம்மா ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் இருந்து ஒரே கதையைச் சொல்வார். "நம்மட மகன் ஆருட சொல்லையும் கேக்காதவன்தானே. உங்கட கண்ணத் தப்பி ஓடியிரிப்பான். உங்கட கையில ஒண்டுமில்ல. அல்லாஹ்ட நாட்டம்." வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரை எப்படியும் ஒரு சொல் கதைக்கவைப்பதுதான் அந்த இரண்டு வருசமும் எங்கள் வீட்டின் ஒரே வேலை.

மாமா வந்து கேட்டபோது உம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன காக்கா, அவர் என்ன பொம்மையா?"

"இஞ்ச சுவரப் பாத்துக்கிட்டு இரிக்கிறார். அங்க நாலு மனிசரப் பாத்துக்கிட்டு இரிக்கட்டும் புள்ள. கையில வலையையும் ஊசியையும் குடுத்தா, ஆர் கண்டா, ஒரு நேரம் பழையபடி வந்திருவார்."

உம்மா அழுதார், பிறகு ஒத்துக்கொண்டார். நான்தான் மாமாவின் பக்கம் நின்று உம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு வேறு கணக்கு இருந்தது. பார்க்கப் பார்க்க உயிர் வரும் என்றால், வாப்பாவைப் பார்க்க எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் அது.

திறப்பு நாளன்று உம்மாவைத் தவிர ஊரே வந்தது. வண்டிக்காரக் கிழவரால் ஐந்து நிமிடம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொன்னார், வெற்றிலை கேட்டார், ஒருவரோடு வரம்புச் சண்டையைப் புதுப்பித்தார். பாய் இழைத்த மாமி இருந்த இடத்திலிருந்தே இரண்டு கலியாணப் பேச்சைத் தொடங்கிவிட்டார். எல்லோரிலும் ஒழுங்கான காட்சிப்பொருள் என் வாப்பாதான். மாமா கடற்கரை மணல் கொட்டி, அதில் வெள்ளிப் பூச்சு அடித்த தகர மீன்களைப் பரப்பி, குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார். அதற்குள் வலை மடியில் கிடக்க, ஊசி கையில் இருக்க, வாப்பா அப்படியே இருந்தார். "இது சீமெந்துதான்" என்று ஒரு பொடியன் பந்தயம் கட்டினான். அவனைக் கிள்ளினேன்.

கிள்ளிவிட்டு அவனையே கயிற்றடியில் நிறுத்திவைத்தேன். போகப் பார்த்தவர்களை மறித்தேன். "கொஞ்சம் நிண்டு நல்லாப் பாருங்க" என்று பெரியவர்களிடமும் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் விட்டு, ஆளுக்கு நூறு எண்ணும்வரை கண்ணை எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நடுப்பகல் லுஹர் தொழுகையும் போனது. எனக்குத் தொண்டை கட்டியது. வாப்பாவின் விரல்கூட அசையவில்லை. மாமா ஒரு பொய்க்காரர் என்று முதல்முறையாக எனக்கு வெறுப்பு வந்தது.

அப்போதுதான் ஒரு சின்னப் பையன் கயிற்றுக்குக் கீழால் நுழைந்தான். ஆறு வயதிருக்கும். எங்கள் தெருக்காரன் இல்லை, உம்மாவோடு வெளியூரிலிருந்து வந்தவன். ஒரு தகர மீனை எடுத்தான். தன் சேட்டின் முன்பக்கத்தை மடித்துப் பிடித்து அதில் போட்டான். இன்னொன்றை எடுத்தான். குனிந்து குனிந்து மணலில் உள்ளே போனான்.

வாப்பா எழுந்தார்.

வலை மடியிலிருந்து விழுந்தது. இரண்டே எட்டில் போய் அந்தப் பையனைத் தூக்கித் தோளில் போட்டார். கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலால் வெளியே ஓடினார். சனம் கைதட்டியது. மாமா ஒழுங்குசெய்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். மாமாவுமே ஒரு கணம் வாயெல்லாம் பல்லாக நின்றார். பையனின் உம்மா குழறி அழுதபோதுதான் எல்லோருக்கும் அறிவு வந்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வாப்பா பெரிய தெருவைக் குறுக்கே கடந்து மேற்கே, கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினார். அவருக்குப் பின்னால் மாமா. மாமாவுக்குப் பின்னால் தலைப்பாகையோடு வண்டிக்காரர், கையில் பன் புல்லோடு பாய் மாமி, கைதட்டிய அத்தனை சனம். பஸ்ஸை நிறுத்தி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நூதனசாலை முழுவதுமே எழுந்து தெருவால் ஓடியது. எல்லோருக்கும் முன்னால் நான். என் வாப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. நான் பார்க்கவைத்துத்தான் வந்தது.

வயல் தொடங்குகிற இடத்தில் வாய்க்கால் கரைக்கட்டில் வாப்பா இருந்துவிட்டார். பையனை மடியில் வைத்திருந்தார். அவன் அழவில்லை, "இன்னொருக்கா ஓடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான். வாப்பா அவனுடைய சேட்டிலிருந்து தகர மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்காலில் எறிந்தார். எறிந்தபடி கதைத்தார். இரண்டு வருசமாக நான் கேளாத குரல்.

"மீன் வேணாம் மகன். வாப்பா சும்மாதான் போகச் சொன்னன். ஓடிப்போய் ரெண்டு பொறுக்கிட்டு வா எண்டு சும்மாதான் சொன்னன். வேணாம் மகன். உம்மாக்கிட்ட போவம்."

அந்தப் பையனை வாப்பா எப்போது போகச் சொன்னார் என்று யோசித்தேன். உயிர் வந்த அவதியில் எதையோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். எனக்குச் சொல் முக்கியமில்லை, சத்தம்தான் முக்கியம்.

சனம் வந்து சேர்ந்தது. கூட வந்திருந்த பையனின் சாச்சா வாப்பாவின் சேட்டைப் பிடித்துக் கையை ஓங்கினார். யாரோ காதில் ஏதோ சொன்னார்கள். ஓங்கிய கையை மெல்ல இறக்கிவிட்டு, "மன்னிச்சிக்கங்க காக்கா" என்றார். மாமா மூச்சு வாங்கிக்கொண்டு மண்ணில் குந்தி அழுதார். நான் எதற்கும் நிற்கவில்லை. முதலில் உம்மாவுக்குச் சொல்கிறவள் நானாக இருக்கவேண்டும் என்று வீட்டுக்கு ஓடினேன்.

உம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "உம்மா, வாப்பா கதைச்சிட்டார்" என்றேன். சுளகு அப்படியே கீழே இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவினார். அந்த முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

"என்ன சொன்னார் புள்ள? என்ர பேரச் சொன்னாரா?"

நடந்ததைச் சொன்னேன். மீன் பொறுக்கிய பையனைச் சொன்னேன். பிறகு வாப்பாவின் சொற்களை, ஒன்றும் விடாமல், அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். இந்தமுறை மீன் எறிகிற மாதிரிக் கையும் காட்டினேன்.

"போகச் சொன்னன் எண்டா சொன்னார்?"

"ஓம் உம்மா. வாப்பா சும்மாதான் போகச் சொன்னன் எண்டு."

நாலு தரம் சொல்லவைத்தார். நாலு தரமும் ஆசையோடு சொன்னேன். உம்மாவுக்குக் கேட்கக் கேட்கத் தெவிட்டவில்லை என்று நினைத்தேன்.

"வேற ஆருக்கும் கேட்டதா?"

"இல்ல. எனக்கு மட்டும்தான்." அவ்வளவு பெருமை எனக்கு.

"ஆருக்கிட்டயும் சொல்லாத" என்றார் உம்மா. மாமாவிடம்கூடப் பீற்றிக்கொள்ள முடியாமல் போனதே என்று எனக்கு மனவருத்தம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறு மாதம் ஆகிறது. என் மகனுக்கு இப்போது தம்பியின் வயது. இப்போதுதான் வாயைத் திறக்கிறேன்.

வாப்பாவை மாமா கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினார். அன்று பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு வாப்பா தானாகத் தண்ணீர் கேட்டார். ஒரு கிழமையில் கறிக்கு உப்புக் காணாது என்றார். ஒரு மாதத்தில் தெருமுனைவரை நடந்தார். மாமாவின் பொய் பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குப் பிறகு வாப்பா பதினொரு வருசம் இருந்தார். அந்தப் பதினொரு வருசத்தில் உம்மா அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை, தாய்வீட்டுக்குப் போகவில்லை, எதையும் கேட்கவில்லை. சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், கதைக்கவில்லை. அந்த வசனத்தை நாலு தரம் நடித்துக் காட்டியவள் நான்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அந்த இரண்டு வருசமும் வாப்பாவுக்குச் சோறு பிசைந்து, ஒவ்வொரு பிடியாக ஊட்டியவர் உம்மாதான். அன்று பீங்கானில் சோற்றைப் போட்டு, கறியை ஊற்றி, குசினி வாசலில் நின்று என் கையில் தந்தார்.

"இனி நீ குடு" என்றார்.

வாப்பாவைச் சுகமாக்கியவள் நான், அதற்குத்தான் உம்மா இந்தப் பரிசைத் தருகிறார் என்று நினைத்தேன். ஒரு சோறும் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன்.