முதலில் வைத்த தட்டு

பவுலினாவை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. அவள்மேல் இல்லை, அந்தப் பாழாய்ப்போன ரொட்டிக்கடை அடுப்பின்மேல்.

கிருஷ்ணகிரியில் அவள் எங்கள் பக்கத்து வீடு. ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் எருமை வெண்ணெயை வாங்கி, சர்க்கரையோடு கையாலேயே நுரைக்கத் தேய்த்து, மைதாவும் ஏலக்காயும் போட்டு பிஸ்கட் தட்டுவாள். அதை ரொட்டிக்கடையில் கொடுத்துச் சுட்டு வருவது அவள் புருஷன் ராயப்பன் வேலை. சுடச்சுட முதல் பிஸ்கட்டும் அவருக்குத்தான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் அவர் நெஞ்சு நோவோடு படுத்த படுக்கை. கஞ்சிகூட இறங்கவில்லை. சர்ச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் கடைசிப் பூசுதலும் கொடுத்துவிட்டார். மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்த வருசத்து பிஸ்கட் ஒண்ணு வாயில போடு பவுலி."

பண்டிகைக்கு முந்தின நாள் அவரை என்னிடம் விட்டுவிட்டு, முதலில் போனால் முதலில் வாங்கிவரலாம் என்று விடியும்போதே தட்டோடு ஓடினாள். பாவி மகளுக்கு விவரம் தெரியாது. ஊர்த் தட்டெல்லாம் சேர்ந்த பிறகுதான் வரிசையாக அடுப்புக்குள் தள்ளுவார்கள். முதல் தட்டு பின்கோடிக்குப் போகும், கடைசியில்தான் வெளியே வரும்.

உச்சிவேளையில் அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. என் மகள் காவேரியை உட்காரவைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

"எடுய்யா அவ தட்ட! அங்க உசுரு போவுது!"

கடைக்காரர் அருள்ஜோசப் தட்டை இழுக்கும் நீளத் துடுப்போடு வேர்த்துக் கொட்ட நின்றார்.

"முன்னாடி இருக்கறத எடுக்காம எப்பிடிம்மா எட்டும்? எடுத்துக்கிட்டுத்தான இருக்கறன்!"

ஒவ்வொரு தட்டாக வந்தது. எல்லாம் அடுத்தவர் வீட்டுத் தட்டு.

"நீ வூட்டுக்கு வா, பவுலினா."

"வெறுங்கையோட எப்பிடிக்கா வருவேன்? வாசலயே பாத்துக்கிட்டுக் கெடப்பாரே!"

அவளைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. கடைசித் தட்டு வந்ததும் முந்தானையில் ஏந்திக்கொண்டு ஓடினாள். கை வெந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை.

வீட்டு வாசலில் காவேரி அழுதுகொண்டு நின்றாள்.

மறுநாள், கிறிஸ்துமஸ் அன்றே அடக்கம். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் பவுலினா தன் கையால் பிஸ்கட் கொடுத்தாள்.

"சாப்புடுங்க, அவருக்குன்னு சுட்டது."

எனக்கும் ஒன்று கொடுத்தாள். வாயில் போட்டதும் கரைந்தது. அவ்வளவு பதமாக அவளுக்கு எந்த வருஷமும் வந்ததில்லை.